பன் ருசி பார்க்கும் ரஸ்க்

ரஸ்க் ஒரு நாய். அப்பாவின் பேக்கரிக்குப் பின்னால், ரஸ்க் அடைக்கும் தகர டப்பாக்களுக்கு நடுவில் குட்டியாகக் கிடந்தான். நிறமும் அதே நிறம். அதனால் பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

அப்போது ஒல்லியாக, விறைப்பாக, அசல் ரஸ்க் மாதிரியே இருந்தான். இப்போது பார்த்தால் பாலில் ஊறிய ரஸ்க்.

காரணம், அவன் பார்த்த வேலை.

பேக்கரி திறந்த புதிதில் ஒரு நாள், அப்பா அடுப்பிலிருந்து ஒரு தட்டு பன்னை வெளியே எடுத்தார். மேலே பார்க்க அழகாகத்தான் இருந்தன. குட்டி ரஸ்க் முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைத் திருப்பிக்கொண்டான். அப்பா ஒரு பன்னைப் புரட்டினார். அடிப்பக்கம் கரிக்கட்டை!

“கடை மானத்தையே காப்பாத்திட்டான்டா!” என்று அப்பா குதித்தார்.

அன்றிலிருந்து ரஸ்க்தான் பரிசோதகர். ஒவ்வொரு தட்டு வெளியே வரும்போதும் அப்பா அதை ‘டங்’கென்று மேசையில் வைப்பார். “பரிசோதகரே, வாங்க!” என்று கூப்பிடுவார். பன்னில் ஒரு துண்டு, கேக்கில் ஒரு மூலை, பிஸ்கட்டில் ஒன்று ரஸ்க்கின் வாய்க்குப் போகும். வால் ஆடினால் தட்டு கடைக்குப் போகும்.

வால் ஆடாமல் இருந்ததே இல்லை.

இந்த ஏற்பாடு பிடிக்காதவள் வீட்டில் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள். எதையாவது நினைத்துவிட்டால் பிடித்த பிடியை விடமாட்டாள். அதனால் வீட்டில் அவளுக்குக் ‘கறார்’ என்று பெயர்.

கடைக்கு மேலேதான் வீடு. கறார் பள்ளியிலிருந்து வந்து படியேறினால், ரஸ்க் அவளை முந்திக்கொண்டு ஓடுவான். ஆனால் ஒரு நாள் அவன் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். நாக்குத் தொங்கியது. மேலே நின்ற அவளைப் பார்த்து மெல்ல முனகினான்.

“வாடா, நடிக்காதே!” என்றாள் கறார்.

அவன் எழுந்து நிற்கப் பார்த்தான். பின்னங்கால்கள் நடுங்கின. மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

நடிப்பில்லை என்று கறாருக்குப் புரிந்தது. கீழே இறங்கி ஓடினாள்.

“அப்பா! ரஸ்க்கை உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.”

“அடுப்புல கேக் இருக்கும்மா. நாளைக்குப் போலாம்.”

“கேக்கை அண்ணன் பாத்துப்பான். இப்பவே போறோம்.”

போனார்கள்.

நாய் டாக்டர் ரஸ்க்கை எடை மேடையில் நிற்க வைத்தார். முள்ளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“என்ன சாப்பிடுறான்?”

“ரெண்டு வேளை சோறு, டாக்டர். அதுவும் அளவாத்தான்” என்றார் அப்பா.

“அப்பா!” என்றாள் கறார். பிறகு டாக்டரிடம் திரும்பினாள். “காலையில பன். அப்புறம் பிஸ்கட். அப்புறம் கேக். பட்டர் பன் வந்தா அதுவும். அண்ணன் கேக்கை வெட்டும்போது விழுற ஓரமெல்லாம் இவனுக்குத்தான்.”

“அது சாப்பாட்டுக் கணக்குல வராதே” என்று அப்பா முணுமுணுத்தார். “அது அவன் வேலை.”

டாக்டர் சிரிக்கவில்லை. “உலர் திராட்சை போட்ட கேக் குடுப்பீங்களா? சாக்லேட்? அது ரெண்டும் நாய்க்கு விஷம் சார்.”

அப்பாவின் முகம் வெளுத்தது. “இல்லவே இல்லை, டாக்டர். அது ரெண்டும் விலை ஜாஸ்தி. அதனால குடுத்ததில்லை.”

“நல்ல வேளை, உங்க சிக்கனம் அவன் உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஆனா இந்த எடையை அவன் காலால தாங்க முடியல. இப்படியே விட்டா நடக்கவே முடியாமப் போயிடும். மைதா, சர்க்கரை, வெண்ணெய் எல்லாத்தையும் நிறுத்துங்க.”

“அப்போ என்ன குடுக்கணும்?” என்று கறார் கேட்டாள்.

“வேக வெச்ச கோழி, முட்டை, கேரட், பூசணி, கொஞ்சம் சோறு. உப்பு, எண்ணெய், வெங்காயம் கூடாது. ஒரே நாள்ல மாத்தாதே, கொஞ்சம் கொஞ்சமா மாத்து. கடையில வாங்குறதா இருந்தா பாக்கெட்டோட பின்பக்கத்தைப் படி. முதல்ல எது எழுதியிருக்கோ, அதுதான் உள்ள அதிகம்.” எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் டாக்டர் விளக்கினார்.

மறுநாள் விடுமுறை. கறார் அம்மாவுடன் கடைத்தெருவுக்குப் போனாள். அம்மா பளபளப்பான ஒரு பாக்கெட்டை எடுத்தாள். அதில் ஒரு நாய் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

கறார் அதை வாங்கித் திருப்பினாள். “முன்னாடி நாய் சிரிக்குது. பின்னாடி பாருங்கம்மா. முதல்ல மக்காச்சோளம், அடுத்தது சர்க்கரை, அப்புறம் கலர். இறைச்சி கடைசியில எங்கேயோ ஒளிஞ்சிருக்கு.”

“நான் சோப்பு வாங்கும்போதுகூட இவ்வளவு பார்த்ததில்லடி” என்று அம்மா பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். இருவரும் கோழியும் கேரட்டும் பூசணியும் வாங்கி வந்தார்கள்.

கறாரே எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக நறுக்கினாள். அம்மா வேக வைத்துக் கொடுத்தாள். ஆறியதும் கறார் அதில் கொஞ்சத்தை வழக்கமான சோற்றுடன் கலந்து ரஸ்க்கின் முன்னால் வைத்தாள்.

ரஸ்க் முகர்ந்தான். ஒரு கேரட் துண்டை வாயில் எடுத்துத் தரையில் துப்பினான். பிறகு அவளை ஏமாற்றத்துடன் பார்த்தான்.

“பசிச்சா தன்னால சாப்பிடுவ” என்றாள் கறார்.

சாயங்காலம் வந்தது. சாப்பாடு அப்படியே இருந்தது. அவனுக்குப் பசியே எடுக்கவில்லையா? கறாருக்குச் சந்தேகம் தட்டியது. சத்தம் போடாமல் அடுப்பறைக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

‘டங்’.

“பரிசோதகரே, வாங்க!”

“அப்பா!”

அப்பாவின் கை பன்னோடு அப்படியே நின்றது. “சின்னத் துண்டுதான், கண்ணு. இவன் பார்க்காம எப்படிக் கடைக்கு அனுப்புறது? வியாபாரம் ஓடுறதே இவன் மூக்காலதானே?”

“இவன் கால் போனா பரவாயில்லையா?”

 அப்பாவுக்கும் ரஸ்க் என்றால் உயிர். ஆனால் இத்தனை வருஷத்து நம்பிக்கையை ஒரே நாளில் எப்படி விடுவது?

கறாருக்கு அழுகை முட்டியது. அழுதால் வேலை நடக்காது என்று விழுங்கிக்கொண்டாள். ரஸ்க்கைப் பார்த்தாள். அவன் பன்னைப் பார்க்கவேயில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பன் இன்னும் வாய்க்குப் போகவில்லை. ஆனால் வால் அதற்குள் ஆடிக்கொண்டிருந்தது!

“அப்பா, ஒண்ணு பண்ணலாமா? அந்தக் காலித் தட்டை எடுங்க. எப்பவும் போலக் கூப்பிடுங்க.”

“காலித் தட்டா? எதுக்கு?”

“எடுங்கப்பா.”

அப்பா காலித் தட்டை ‘டங்’கென்று வைத்தார். “பரிசோதகரே, வாங்க!”

ரஸ்க்கின் வால் காற்றாடி போலச் சுற்றியது.

“தட்டுல ஒண்ணுமே இல்ல. எதுக்கு ஆட்டுறான்?” என்றாள் கறார். பிறகு ஓடிப்போய் அந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்து, ஒரு பூசணித் துண்டை அப்பாவின் மறு கையில் வைத்தாள். “இப்ப இதைக் குடுங்க.”

அப்பா நீட்டினார். ரஸ்க் ‘லபக்’கென்று விழுங்கினான். கேரட்டை நீட்டினார். அதுவும் போனது. காலையில் துப்பிய அதே கேரட்! வால் நிற்கவேயில்லை.

அப்பா மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்போ இவன் இத்தனை வருஷமா பன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?”

“இல்லப்பா. நீங்க கூப்பிட்டா இவனுக்குச் சந்தோஷம். அவ்வளவுதான்.”

அப்பா ரஸ்க்கின் தலையைத் தடவினார்.  கண் கலங்கியிருந்தது. பிறகு கையில் இருந்த பன்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் தானே ஒரு வாய் கடித்தார். மென்றார். முகம் மாறியது.

“என்ன, உப்பே இல்ல!”

கடையின் முன்பக்கம் கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாவின் குரல் வந்தது. “அதைத்தான் ரொம்ப நாளாச் சொல்றேன்! ‘ரஸ்க் சரின்னுட்டான், நீ யாரு சொல்ல’ன்னு கேட்டீங்களே?”

அதன் பிறகு அப்பாவே பன் ருசி பார்த்தார். ரஸ்க்கின் உத்தியோகம் போகவில்லை. தட்டு வரும்போது அவனையும் கூப்பிடுவார்கள். ஒரு கேரட் துண்டு கிடைக்கும். அதையும் கறார் அவன் சாப்பாட்டிலிருந்துதான் எடுத்து வைப்பாள். அண்ணன் ஒரு முறை கேக் ஓரத்தைக் காலடியில் ‘தவறி’ப் போட்டான். கறார் அதை எடுத்து, தூசியைக்கூடத் தட்டாமல், “நீயே தின்னு” என்று அவன் கையிலேயே கொடுத்தாள். அதற்குப் பிறகு அவன் கையிலிருந்து எதுவும் தவறவில்லை. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் அவள் ரஸ்க்கைத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போனாள். முதலில் வழியெல்லாம் உட்கார்ந்தான். அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் எழுந்ததும் எழுந்தாள். போகப் போக உட்காருவது குறைந்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு காலை. அப்பா சூடான பன் தட்டை உயரமான மேசையில் ஆற வைத்துவிட்டுத் திரும்பினார். பின்னால் ‘தொப்’ என்று ஒரு சத்தம். ரஸ்க் மேசைக்கு எகிறி, ஒரு பன்னைக் கவ்விக்கொண்டு கீழே குதித்து நின்றான்!

“குதிச்சுட்டான்! ஏய், எல்லாரும் வாங்க, ரஸ்க் குதிச்சுட்டான்!” என்று அப்பா கத்தினார். அம்மா கல்லாவை விட்டு ஓடி வந்தாள். அண்ணன் கிரீம் கையோடு கைதட்டினான். பன் திருடிய நாய்க்கு இவ்வளவு பாராட்டு எந்த ஊரிலும் கிடைத்திருக்காது.

கறார் மட்டும் கைதட்டவில்லை. நேராகப் போய் ரஸ்க்கின் வாயைத் திறந்து பன்னைப் பிடுங்கினாள்.

“கைதட்டினது போதும். தட்டை மேல் பலகையில தூக்கி வைங்க. இனிமே இவனுக்கு மேசை எட்டும்.”

மூன்று பேரும் மறுபேச்சில்லாமல் தட்டுகளைத் தூக்கப் போனார்கள். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் கறார் மண்டி போட்டு உட்கார்ந்து ரஸ்க்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் காதுக்குள், யாருக்கும் கேட்காமல், “இன்னொரு தடவை குதி, பார்க்கலாம்” என்றாள்.