தேய்க்கக் கூடாத முதுகு

அப்பா முதுகைத் தேய்த்துவிடச் சொன்னதுதான் எஃபிக்கு முதலில் உறுத்தியது.

இங்கிலாந்தில் டர்ஹம் பக்கத்தில் நிலக்கரி வெட்டுகிற எந்த ஆணும் முதுகைக் கழுவ மாட்டான். கழுவினால் முதுகெலும்பின் பலம் போய்விடும் என்று நம்பினார்கள். அந்தத் தெருவில் ஓர் ஆணின் முதுகில் சோப்பு படுவது ஒரே ஒருமுறைதான், பிணமாகப் பலகையில் கிடத்திய பிறகு.

ஆனாலும் அப்பா வந்துவிட்டாரே! பிற்பகலில் சுரங்கத்து விபத்துச் சங்கு விடாமல் ஊதியதும் அம்மா மாவுக் கையோடு சுரங்கத்துக்கு ஓடினாள். பதினொரு வயது எஃபி தனியாக நின்று, "கர்த்தரே, எங்கப்பாவை மட்டும் வீட்டுக்கு அனுப்பிடும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பின்கதவு திறந்தது. பூட்ஸ் சத்தமே இல்லாமல் வந்த அப்பா, கணப்பின் முன்னால் இருந்த தகரத் தொட்டிக்குள் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

கொதிக்கக் கொதிக்க அவள் ஊற்றிய தண்ணீரிலிருந்து ஆவி எழவில்லை. ஈரக் கரியின் வாடையும், எங்கோ வெகு ஆழத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழுகிற ஓசையும் அந்தச் சின்ன அறையை நிறைத்தன. கணப்பு நன்றாக எரிந்தும் சுவரில் அவளுடைய நிழல் மட்டும்தான் ஆடியது.

"அம்மாவைக் கூப்பிடட்டுமாப்பா?"

"வேணாம் கண்ணு. சட்டி தேய்க்கிற மாதிரி தோலையே உரிச்சுடுவா. நீயே தேய்."

எஃபிக்குச் சிரிப்பு வந்தது. தேய்த்தாள். இடப்பக்கம் வெளுத்தது. பனிக்கட்டியைத் தொடுவது போலிருந்தது.

முன்கதவுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி அத்தையின் குரல். "எஃபி, வெந்நீர் போடுடி. பலகையை எடுத்து வை. உங்கப்பாவைத் தூக்கிட்டு வர்றாங்க."

"அப்பா குளிச்சுக்கிட்டு இருக்கார் அத்தை!"

கதவுக்கு வெளியே அழுகை மட்டும் கேட்டது.

எஃபி தாழ்ப்பாளைப் போட்டாள். பிணத்துக்குத்தான் முதுகு கழுவுவார்கள்; மிச்சப் பாதியையும் கழுவிவிட்டால் அப்பா போய்விடுவார். தேய்க்கிற துணியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"முடிச்சுடும்மா. குளுருது."

"மாட்டேன். முடிச்சா நீங்க போயிடுவீங்க."

தெருவில் கனத்த காலடிகள். கதவு அதிர்ந்தது.

"திறடி எஃபி! அப்பாவைத் தெருவுல வெச்சிருக்காங்கடி!" அம்மாவின் குரல் உடைந்தது.

எஃபி நகரவில்லை.

"குளுருது கண்ணு."

தொட்டித் தண்ணீர் கறுத்தது. அவர் திரும்பவில்லை. வலக்கை மட்டும் பின்னால் வந்தது. மடங்காமல். நீண்டது. இன்னும் நீண்டது. கரி படிந்த விரல்கள் தரையைத் துழாவின. அவள் பாதத்தைத் தொட்டன. துணியைத் தேடி, மெல்ல மேலே ஏறத் தொடங்கின.