புறங்கை

மழைக்குப் பயந்து யாரும் வரமாட்டார்கள் என்று அசரியா நினைத்திருந்தார். கொஞ்சம் ஆசைப்பட்டும் இருந்தார். ஆனால் மேற்குத் தாம்பரத்தில் அந்தப் பழைய மன்றக் கட்டடத்தின் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, குடைகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை மதியம், அதுவும் கார்த்திகை மழையில், ஒரு கிடார்க்காரர் பேசுவதைக் கேட்க இத்தனை பேர் வந்தார்கள் என்றால் தொலைக்காட்சியில் அன்று நல்ல படம் இல்லை என்று அர்த்தம்.

தாம்பரத்தில் அசரியாவைத் தெரியாதவர்கள் குறைவு. கல்யாண வரவேற்புகளில் வாசிப்பார். வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குக் கிடார் சொல்லிக் கொடுப்பார். சமீபமாக, காட்டாங்குளத்தூர் கல்லூரிப் பையன்கள் கூப்பிட்டுப் பேச வைத்ததிலிருந்து, மெல்லிசை மேடைகளின் வரலாற்றைப் பற்றி ஊர் ஊராகச் சொற்பொழிவும் ஆற்றிக்கொண்டிருந்தார். ரயில்வே காலனி நடனக் கச்சேரிகளில் கேட்ட கிடார் எப்படி அம்மன் கோயில் திருவிழா மேடைக்கு வந்தது, கேசட் வந்து கச்சேரிகளை என்ன செய்தது, இப்போது இந்தத் தொண்ணூறுகளில் ஒற்றைக் கீபோர்டு எப்படிப் பத்துப் பேரின் சோற்றில் கை வைக்கிறது என்று, நடுநடுவே வாசித்துக் காட்டிப் பேசுவார். நன்றாகவே பேசுவார். ஓர் இடத்தைத் தவிர.

அந்த இடம் ஜெயவேலு.

ஜெயவேலு அவருடைய குழுவின் பாடகன், அவருடைய சிநேகிதன். பத்து வருடங்களுக்கு முன், திருநீர்மலைப் பக்கம் ஓர் அம்மன் கோயில் ஆடித் திருவிழா மேடையில், மைக்கைப் பிடித்த கையோடு விழுந்து செத்தவன். "ஒரு மின் கோளாறில் அவரை இழந்தோம்" என்று அசரியா சொல்வார். சபை உச்சுக் கொட்டும். அவர் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்.

மின் கோளாறு என்பது பொய்யில்லை. ஆனால் மேடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. திருவிழாக் கச்சேரிக்குத் தெருக் கம்பத்திலிருந்து லைன் இழுப்பார்கள். அதில் எது எங்கே கசியும் என்று சொல்ல முடியாது. அதனால் கச்சேரிக்கு முன் கிடார்க்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கையைத் தந்தியில் வைத்து, மறு கையின் புறங்கையால் மைக்கைத் தட்டிப் பார்ப்பார். உள்ளங்கையால் தொடக் கூடாது. மின்சாரம் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. புறங்கை என்றால் வெடுக்கென்று தள்ளிவிடும். அவர் தட்டிவிட்டு "பாத்தாச்சு" என்ற பிறகுதான் பாடகன் மைக்கிடம் போவான்.

அன்றைக்கு மைக் செட் ஜலாலுடையது. பல்லாவரத்துப் பையன், தொழிலில் கெட்டிக்காரன். கச்சேரிக்குச் சற்று முன் அவன் ஓடிவந்து, "அண்ணா, லைன மாத்திக் குடுத்துகீறேன். ஒரு தபா மைக்கப் பாத்துடுங்க" என்றான். அசரியாவுக்கு அப்போதுதான் முதல் தந்தி அறுந்திருந்தது. எரிச்சலில் தலையை ஆட்டினார். அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த ஜெயவேலு, வெறுங்காலோடு, மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈர மேடையில் நின்றுகொண்டு கேட்டான்.

"மச்சான், மைக்கப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன், போ."

அவ்வளவுதான். புதுத் தந்தியை முறுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்ன வார்த்தை.

கூட்டம் ஜலாலின் பெட்டிகளை உடைத்துப் போட்டது. போலீஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. "கிடார் அண்ணன்கிட்ட சொன்னேன் சார்" என்று அவன் அழுதான். அசரியாவைக் கேட்டார்கள். "என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல" என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதற்குப் பிறகு ஜலாலை எந்தக் கோயிலும் கூப்பிடவில்லை.

ஜெயவேலுவின் மகள் யோகவல்லிக்கு அசரியா கிடாரும் பாட்டும் சொல்லிக் கொடுத்தார். சம்பளம் வாங்கவில்லை. "அந்த மனுசன் தெய்வம்" என்று அவள் அம்மா கங்கையம்மாள் தெருவெல்லாம் சொன்னாள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அசரியாவுக்குச் சோறு இறங்காது.

இன்றைய சொற்பொழிவின் முடிவில் யோகவல்லி பாடுவதாக ஏற்பாடு.

பேச்சு நன்றாகத்தான் போனது. வெளியே இடி இறங்கிக்கொண்டிருந்தது. சாரலுக்காக மர ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். அசரியா வழக்கமான இடத்துக்கு வந்தார்.

"ஜெயவேலுவை ஒரு மின் கோளாறில்..."

கரண்ட் போயிற்று.

மதியம் மூன்று மணிக்கு மண்டபம் கிணறு மாதிரி இருண்டது. யாரோ சிரித்தார்கள், யாரோ மின்சார வாரியத்தைத் திட்டினார்கள். "இருங்க சார், மெழுகுவர்த்தி கொண்டாரேன்" என்று மன்றச் செயலாளர் கேசவன் கதவுப் பக்கம் தடவிக்கொண்டு போனார்.

அசரியா கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது அந்த வாசனை வந்தது. வேப்பிலை. மஞ்சள் தண்ணீர். ஈர மணலில் கூழ் கொட்டிப் புளித்த வாசனை. கார்த்திகை மாதத்தில், நாலு சுவருக்குள், ஆடி மாத வாசனை.

மேடை ஓரத்து ஸ்பீக்கர் பெட்டி மெல்லக் கரகரத்தது.

"மச்சான்."

தந்திகள் மேல் இருந்த அவர் விரல்கள் விறைத்தன.

"மைக்கப் பாத்துட்டியா?"

சபையில் யாரும் திரும்பியதாகத் தெரியவில்லை. முன் வரிசையில் ஓர் அம்மாள் குழந்தைக்கு விசிறும் சத்தம் மட்டும் கேட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், காதில் ஆயிரம் கேட்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். ஒரு கையைத் தந்தியில் வைத்து, மறு கையின் புறங்கையால் மைக்கைத் தட்டினார்.

ஒன்றுமில்லை. வெறும் குளிர்ந்த இரும்பு.

"பாத்துட்டேன்" என்றார், உதட்டுக்குள்.

"இத இல்ல மச்சான். என்னோட மைக்க."

மேடைப் படியில் காலடி கேட்டது. யோகவல்லி செருப்பில்லாத ஈரக் காலோடு வந்துகொண்டிருந்தாள். மேடையில் செருப்போடு ஏறக் கூடாது என்பது அவள் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.

"சார், கரண்ட் வரவரைக்கும் மைக் இல்லாமலே பாடட்டுமா? சும்மா உக்காந்திருக்காங்க, பாவம்."

"வேணாம். நீ கீழ போம்மா."

"ஏன் சார்?"

ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்தது.

மண்டபத்தில் வேறெங்கும் வெளிச்சம் இல்லை. அது மட்டும் எரிந்தது. யோகவல்லி அதைப் பார்த்தாள். "இது மட்டும் எப்படி சார்?" என்று கேட்டுக்கொண்டே மைக்கைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தாள். பாடகனின் மகள், மைக்கைப் பார்த்தால் கால் தானாகப் போகும்.

"மைக் பாத்துட்டீங்களா சார்?"

அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

"பாக்கல" என்றார் அசரியா. "அன்னிக்கு நான் பாக்கல யோகா. உங்கப்பா கேட்டான். பாத்துட்டேன்னு சொன்னேன். பாக்கவே இல்ல."

உதட்டுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தார். அது மண்டபம் முழுக்கக் கேட்டது. கரண்ட் இல்லாத மைக், பின் வரிசை வரைக்கும் அவர் குரலைக் கொண்டுபோயிற்று. விசிறிச் சத்தம் நின்றது.

யோகவல்லி அசையவில்லை. இருட்டில் அவள் முகம் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

"மறந்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மறந்துட்டேன்."

"அப்போ ஜலால் பாய்? அவரு உங்ககிட்ட வந்து சொன்னேன்னு சொன்னாராமே. அம்மா அவரைக் கண்டா இன்னும் காறித் துப்புது சார். அவரு சொன்னாரா, இல்லையா?"

பாதிக் கிணறு தாண்டியவனின் நிலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறந்தவனை மன்னிப்பார்கள். தெரிந்தே பொய் சொல்லி, அடுத்தவன் பிழைப்பைக் கெடுத்தவனை? இத்தனை பேர் எதிரில், இந்தப் பெண்ணின் எதிரில்?

"இல்லம்மா" என்றார். "அவன் சொல்லல."

அவர் வலது கை எழுந்தது.

அவர் எழுப்பவில்லை. அதுவாக எழுந்தது.

உள்ளங்கை விரிந்து, மைக்கின் கழுத்தைப் பற்றியது.

விரல்கள் மடங்கின. ஒவ்வொன்றாக, நிதானமாக, யாரோ பக்கத்தில் நின்று மடக்கிவிடுகிற மாதிரி. பிறகு முழங்கை வரை, தோள் வரை, பல்லின் வேர் வரை அது ஏறியது. மைக் ஸ்டாண்டு கடகடவென்று பலகையில் ஆடியது. தலைமயிர் பொசுங்கும் நாற்றம் அவருக்கே வந்தது. கை வரவில்லை. கால் வரவில்லை. வாய் மட்டும் சும்மா விடப்பட்டிருந்தது.

"சார்!"

யோகவல்லி ஓடி வந்தாள். ஈரக் காலோடு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. பிடித்து இழுக்கத்தான் வருகிறாள். தொட்டால் அவளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

"தொடாத! யோகா, தொடாத!"

அவள் நிற்கவில்லை.

"சொன்னான்!" என்று அலறினார். "ஜலால் சொன்னான்! லைன் மாத்திருக்கேன், பாருங்கன்னு ஓடி வந்து சொன்னான்! நான்தான் சொல்லலைன்னு பொய் சொன்னேன்! அவன் மேல ஒரு தப்பும் இல்ல!"

விரல்கள் விட்டன.

அவர் பின்னால் விழுந்தார். யோகவல்லியின் கை அவர் சட்டையைத் தொட்டபோது அதில் ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கும் இல்லை. மழை மட்டும் ஓட்டின் மேல் பெய்துகொண்டிருந்தது.

கேசவன் மெழுகுவர்த்தியோடு ஓடி வந்தார். கூடவே மன்றத்தின் மைக் செட்காரர் குப்புராஜ். அவர் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வேர்த்துப் போனார்.

"இடி இடிக்குதேன்னு கரண்ட் போனதுமே ஒயர புடுங்கிப் போட்டுட்டேனே சார். இதோ பாருங்க, தரையில கெடக்குது. அப்புறம் எப்டி சார் உங்க குரல் வந்துச்சு?"

சபை ஒவ்வொருவராக எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு போனது. உச்சுக் கொட்ட ஒருவரும் இல்லை. அதைவிடப் பெரிய தண்டனை ஒரு மேடைக்காரனுக்குக் கிடையாது.

யோகவல்லி கடைசிவரை இருந்தாள். அழுது முடித்திருந்தாள். "நாளைக்குக் காலைல ஜலால் பாய் வீட்டுக்குப் போறோம். என்கிட்ட சொன்னத அவர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் எங்கம்மாகிட்ட" என்றாள். சார் என்று சொல்லவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. பல்லாவரத்துச் சந்து ஒன்றில் ஜலால் ஸ்டவ்வும் குக்கரும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. அசரியாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான், பழைய மரியாதை. அந்த மரியாதை அசரியாவைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வலது கை விரல்கள் இன்னும் நேராக நிமிரவில்லை.

ஜலால் ஸ்டவ்வின் பின்னைக் குத்திக்கொண்டே கேட்டான்.

"இத இன்னாத்துக்குண்ணா எனக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா, நான்தானே வந்து சொன்னேன்? ஊருக்குத்தான் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "உள்ள சித்திகா கீது. என் பொஞ்சாதி. என்னிய நம்புதா இல்லையான்னு இத்தினி வருசத்துல ஒரு நாளும் நான் கேக்கல. பயம்ணா. அதுகிட்ட மட்டும் ஒரு தபா சொல்லிடுங்க, போதும்."

அசரியா தலையை ஆட்டினார்.

"அப்பால இன்னொண்ணு" என்று ஜலால் எழுந்தான். "நீங்க பாட்டுக்காரரு, நீங்களே சொல்லுங்க. நேத்து சாயங்காலம் புடிச்சு இப்டித்தான் பாடினே கீது."

கடையின் பின்னால் கூரைத் தகரத்தில், கூட்டம் உடைத்ததில் மிஞ்சிய ஒரே ஒரு கூம்பு ஸ்பீக்கர் கவிழ்ந்து கிடந்தது. நசுங்கி, துருவேறி. ஒயர் இல்லை. ஒயர் மாட்டும் இடமே இல்லை.

யோகவல்லி அதன் அடியில் போய் நின்றாள். முகத்தை மேலே தூக்கினாள். பிறகு மெல்ல, குழந்தை போல, சிரித்தாள்.

"அப்பா" என்றாள்.

அசரியா காதைத் தீட்டிக்கொண்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் போயின. மின்சார ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. தூரத்தில் எங்கோ குக்கர் விசில். வாழ்நாள் முழுக்கப் பாட்டைக் கேட்டே பிழைத்த காது அது. அதில் வேறொன்றும் விழவில்லை.

"எனக்குக் கேக்கலையே" என்றார்.

ஜலால் அவரை விசித்திரமாகப் பார்த்தான்.

"இன்னாண்ணா சொல்றீங்க? அவரு பாடுற பாட்டுக்குப் பின்னாடி கிடார் வாசிக்கிறது நீங்கதானே?"