வாடகைக்கு விடாத அறை

அறையில் தூசி இல்லை.

அதை அவள் கவனித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளையில். ஆஸ்பத்திரி லேபை ஒட்டிய சின்னச் சாப்பாட்டு அறையில் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்க, யாரோ சூடாக்கிவிட்டுப் போன சூப்பின் வாடையும் கை கழுவும் மருந்தின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கை அடைக்க, அவள் டப்பாவைத் திறக்காமல் வழக்கம்போல முதலில் ஃபோனில் ஊர் வீட்டுக் கேமராவைத் திறந்தாள். ஊரில் அப்போது சாயங்காலம். ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக விழுந்த வெயில் பீரோக் கண்ணாடியில் பட்டது. பதினெட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் அறையின் கண்ணாடி, காலையில்தான் யாரோ துடைத்ததுபோல மின்னியது.

ஆயிரம் நல்ல அணுக்களுக்கு நடுவே ஒரு கெட்ட அணுவைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் அவள். கண் ஏமாற்றுகிறது என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் பலரும் செய்வதுதான். ஒரு அறையில் தங்கள் சாமான்களைப் போட்டுப் பூட்டிவிட்டு மற்ற அறைகளைக் கொடுப்பார்கள். சாவி அவள் கைப்பையில் இருந்தது. வேறு சாவி கிடையாது. அறைக்குள் ஒரு கேமரா, அதற்கென்று தனி இணைப்பு. திருட்டுக்குப் பயந்து வைத்திருக்கிறாள் என்று கணவன் நினைத்துக்கொண்டிருந்தான், அல்லது நினைப்பதுபோல் இருந்தான். உள்ளே இருந்தது ஒரு குட்டைக் கட்டில், பீரோ நிறையச் சின்னச் சின்ன கவுன்கள், கட்டிலுக்கடியில் ஒரு ஜோடிச் செருப்பு. திருடன் வந்தாலும் அழுதுவிட்டுத்தான் போவான்.

அவள் மகள் குட்டி அந்தக் கட்டிலில்தான் போனாள். நாலு வயது. மூன்று நாள் காய்ச்சல். "சாதாரணக் காய்ச்சல்தான், தினம் நூறு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போயிருந்தாள். அதற்குப் பிறகு அந்த ஊரில் இருக்க அவளால் முடியவில்லை.

இதைக் குடிவருகிறவர்களிடம் சொல்ல வேண்டுமா என்று புரோக்கரிடம் கேட்டபோது அவர் காதைக் குடைந்துகொண்டே சொன்னார்: "கேட்டாத்தானேம்மா சொல்லணும்? கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டிருந்தா இந்த ஊர்ல ஒரு வீடும் போகாது."

குடிவந்தது ஒரு டீச்சர், அவள் கணவன், ஐந்து வயதுப் பெண் குழந்தை. டீச்சர் நல்ல மாதிரி. குழாய் சொட்டினால்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குரல் செய்தி அனுப்புவாள். அந்த வாரம் வந்தது குழாயைப் பற்றி அல்ல.

"அக்கா, சிரிக்காதீங்க. எங்க பாப்பா ஸ்கூல் விட்டு வந்ததும் உங்க பூட்டின ரூம் வாசல்லயே உக்காந்துக்கறா. உள்ள ஒரு பாப்பா இருக்காம். சாப்பாட்டைக்கூடக் கதவுக்கடியில தள்ளி விடறா. எறும்பு வந்துடுமேன்னு பாத்தேன், வரல. அந்த ரூம்ல என்னக்கா வச்சிருக்கீங்க?"

அவள் அந்தச் செய்தியை மூன்று முறை கேட்டாள். பிறகு பதில் சொன்னாள்.

"பழைய சாமான்தான்மா. எங்க மாமியாரோட பாத்திரம் பண்டம்."

பொய் வாயிலிருந்து வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நாள் அவள் சாப்பிடவே போகவில்லை. லேபின் பின்பக்கம், காலிப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் நின்றபடி, காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு பார்த்தாள். மின்விசிறி ஓடாத அறைக்கென்று ஒரு சத்தம் உண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு யாரோ பக்கத்தில் நிற்பதுபோல. அதைத்தான் பதினெட்டு மாதமாகக் கேட்டு வந்திருந்தாள். இன்று அதற்குள் வேறொன்றும் இருந்தது. கதவுக்கு வெளியே பாப்பா ஏதோ கிசுகிசுத்தாள், நிறுத்தினாள், சிரித்தாள், மறுபடி கிசுகிசுத்தாள். பதில் கேட்டுப் பேசுகிறவர்கள் விடுகிற இடைவெளி அது. கதவின் அடி இடுக்கில் ஹால் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை வெளியிலிருந்து இரண்டு சின்னக் கால்கள் மறைத்திருந்தன. கதவுக்கு உட்பக்கம், தரையில், இன்னும் இரண்டு கால்களின் நிழல்.

கட்டிலுக்கடியில் செருப்பு இல்லை.

பயப்பட வேண்டிய இடம் அது. அவளுக்குச் சந்தோஷம் வந்தது. நெஞ்சு விம்ம, கண்ணில் நீர் முட்ட, பெட்டிகளுக்கு நடுவே நின்று சிரித்தாள். குட்டி தனியாக இல்லை. பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறது.

அன்று மாலை டீச்சரின் செய்தி. "பாப்பாவுக்கு லேசா சுடுதுக்கா. ஸ்கூல்ல எல்லாருக்கும் இருக்கு."

வீட்டைக் காலி செய்துவிடுங்கள் என்று தட்டினாள். அழித்தாள். காலி செய்துவிட்டால் கதவுக்கு வெளியே யார் உட்காருவார்கள்? மறுபடி தட்டினாள். மறுபடி அழித்தாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் இருந்தது ஒரு குழந்தையின் கனம், அதை இறக்கி வைக்க மனமில்லை. படுக்கையில் கணவன் திரும்பிப் பார்த்தான்.

"மறுபடியும் அந்த ரூமையா பாக்கற?"

"இல்ல. மணி பாத்தேன்."

இரண்டாம் நாளும் காய்ச்சல் விடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றாராம். கேமராவில் கட்டில் விரிப்பு கசங்கியிருந்தது, ஒருவர் படுத்து எழுந்த அகலத்துக்கு. மறுமுறை பார்த்தபோது இரண்டு பேர் அகலத்துக்கு.

மூன்றாம் நாள் மதியம், மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தபோது அவளுக்குத் திடீரென்று உறைத்தது. மூன்றாம் நாள். எழுந்து ஓடினாள். ஆஸ்பத்திரியின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து டீச்சரை அழைத்தாள்.

"நான் சொல்றதைக் கேளு. அந்த ரூம்ல பாத்திரம் இல்ல. எங்க பொண்ணு அங்கதான் செத்துப்போனா. மூணு நாள் காய்ச்சல்ல. இப்பவே பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய போயிடு."

டீச்சரின் குரல், மெலிந்து. "ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"போம்மா. அப்புறம் திட்டு. தூக்கு அவளை."

"ஹால் சோபாவுலதான் படுத்திருந்தா..." செருப்புச் சத்தம். கதவுகள். "பாப்பா? பாப்பா! என்னங்க, இவளைக் காணோம்!"

அழைப்பைத் துண்டிக்காமலேயே அவள் கேமராவைத் திறந்தாள்.

கட்டிலில் இரண்டு முதுகுகள். ஒன்று முயல் படம் போட்ட சட்டை. இன்னொன்று மஞ்சள் கவுன். அவளே போட்டுவிட்ட கவுன். கடைசியாக.

"உள்ளதான் இருக்கா," என்றாள். "உடைங்க. கதவை உடைங்க."

கைப்பிடி ஆடியது. சுத்தியல் அடி. ஒன்று. இரண்டு. மரம் பிளக்கும் சத்தம் ஃபோனிலும் கேமராவிலும் இரண்டு தடவை கேட்டது. முயல் சட்டை திரும்பிக் கதவைப் பார்த்தது. மஞ்சள் கவுன் கட்டிலிலிருந்து இறங்கியது.

கதவு திறந்தது.

டீச்சர் உள்ளே ஓடி வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த தன் குழந்தையின் ஊடாக அந்தப் பக்கச் சுவரைப் பார்த்தாள். "யாருமே இல்லையேக்கா," என்று அழுதாள். பாப்பா எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். டீச்சர் அந்தக் கைகளின் வழியாகவே நடந்து பீரோவைத் திறந்தாள்.

டீச்சரின் முதுகுக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக, குட்டி வெளியே போனாள். ஓடவில்லை. செருப்புப் போட்டுக்கொண்டு, நிதானமாக.

ஹாலில் டீச்சரின் கணவன் கத்தினான். "இதோ இருக்கா! சோபாவுலயே இருக்காளே!"

டீச்சர் ஓடினாள். ஃபோனில் அழுகையும் சிரிப்பும் முத்தமும் கலந்து கேட்டன.

"அக்கா, கெடைச்சுட்டாக்கா. காய்ச்சலும் விட்டுடுச்சு. உடம்பு ஜில்லுன்னு இருக்கு."

பிறகு டீச்சரின் மடியிலிருந்து ஒரு குழந்தையின் குரல், தூக்கக் கலக்கத்தோடு. "யாரும்மா ஃபோன்ல?"

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். எங்கே கேட்டாலும் தெரியும்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? இப்ப ஒண்ணும் பயமில்லையேக்கா?"

சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை போதும். வாய் திறந்தது. சொன்னால் அது போய்விடும். அந்தக் குரல்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றாள்.

டீச்சரின் கணவன் வந்து உடைந்த கதவை இழுத்துச் சாத்தினான். மூடுகிற இடுக்கில் முயல் சட்டை ஓடி வந்து மோதியது. கதவை அடித்தது. அடித்த சத்தம் ஹாலில் யாருக்கும் கேட்கவில்லை. கேமராவில் மட்டும் கேட்டது. நெடுநேரம் கழித்து அது ஓய்ந்தது. பாப்பா திரும்பி, அறையைச் சுற்றிலும் பார்த்து, மேலே கேமராவைக் கண்டுபிடித்தாள். கட்டிலின் மேல் ஏறி நின்று, முகம் திரை முழுவதும் நிறையும்வரை நெருங்கி வந்து, அவளைப் பார்த்து, "அம்மா" என்றாள்.