ஊசி குத்திய இடம்

“அக்கா” என்று ஏசுதாசன் கூப்பிட்டபோது நடுவிலிருந்த ‘க்’ சரியாக விழவில்லை. ஊசி போட்டால் வாய் மரத்துத்தானே போகும் என்று சுகிர்தம் நினைத்துக்கொண்டாள். உத்தமபாளையத்துப் பல் டாக்டர் கடைவாய்க்குப் பின்னால் நீள ஊசியை இறக்கியதுமே தம்பிக்குத் தலை சுற்றிவிட்டது. பல்லை நாளைக்குப் பிடுங்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

கூண்டு வண்டி ராயப்பன்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனி மாதச் சாரல் கூண்டுப் பாயில் ஓயாமல் உரச, ஈர வைக்கோல் வாடையும் தம்பியின் மூச்சில் வந்த கிராம்பு வாடையும் அந்த இடுக்குக்குள் தேங்கி நின்றன. அதற்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தம். அவன் எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தான்.

காயம் பட்டால் ரத்தம் நிற்க நேரமாகுமா என்று டாக்டர் கேட்டிருந்தார். தம்பி அவளைத்தான் பார்த்தான். இல்லை என்று அவள்தான் சொன்னாள். தாய்மாமன்கள் இருவரும் சின்னக் காயத்தில் ரத்தம் நிற்காமல் செத்துப்போனவர்கள். ஆனால் தம்பிக்குப் பேசியிருந்த பெண், அதே டாக்டரின் அண்ணன் மகள். வருகிற ஞாயிறு கோயில் பூசையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்க இருந்தார்கள்.

அவன் மடியில் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. மனசு கொஞ்சம் ஆறியது.

“வலிக்குதாடா?”

“வலி இல்ல. உள்ள என்னமோ ஏறுது.”

தாடைக்குக் கீழே இருந்த பள்ளத்தைக் காணவில்லை. தொட்டாள். கல்லாக இருந்தது. சட்டைக் காலரை விலக்கினாள். கழுத்தில் ரத்தம் கட்டிய நாவல்பழ நிறம், நெஞ்சை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

“ஒச்சாண்டிண்ணே, வண்டியத் திருப்புங்க.”

இரண்டு பக்கமும் சேற்று வயல், பாலத்தடியில்தான் திருப்ப முடியும் என்றார் வண்டிக்காரர்.

“டாக்டருகிட்ட நான் பொய் சொல்லிட்டேண்ணே.”

அவர் மாடுகளை விரட்டினார்.

விழுங்கும் சத்தம் நின்றது.

மூச்சு மட்டும். மெல்லிய விசில் மாதிரி. பிறகு அதுவும் விட்டு விட்டு.

ஏசுதாசன் அவள் கையைப் பிடித்தான். வெளிச்சத்துக்காகக் கூண்டின் வாயருகே நகர்ந்து, அவளுக்குக் காட்டுவதற்காக வாயைத் திறந்தான். பற்கள் பளிச்சென்று இருந்தன. உதட்டில் ஒரு பொட்டு ரத்தமில்லை. உள்ளே தொண்டை இல்லை. கருநீலமாய்ப் பருத்த நாக்கு அண்ணத்தில் போய் முட்டி, இன்னும் இடம் தேடிப் பற்களுக்கு இடையே மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, இமைக்காத இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.