காய்ச்சல்காரன் பங்கு

தெரேசுபுரம் கடற்கரையில் அன்று பூனைகள் டேவிட்சனின் வள்ளத்துப் பக்கமே போகவில்லை. மீனைக் கொட்டுமுன்னே காலைச் சுற்றுகிற அந்தத் திருட்டுக் கூட்டம், ஏலக்காரரின் தொண்டை கிழிகிற சத்தத்தையும் ஐஸ் உடைபடும் ஓசையையும் டீசல் நெடியையும் மதிக்காத கூட்டம், இந்த ஒரு வள்ளத்தை மட்டும் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பூனைக்கும் மீன் கசக்குமோ என்று ஜெயஷீலா தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அவள் கணவன் கிங்ஸ்டன் அந்த வள்ளத்தில்தான் கடலுக்குப் போகிறவன். நேற்று அந்தியில் டேவிட்சனும் ஆட்களும் வாசலில் வந்து கூப்பிட்டபோது, கொதிக்கிற காய்ச்சலோடு எழுந்து நின்றான். அவள் விடவில்லை. இப்போதும் அவன் எங்கும் கிளம்பிவிடக் கூடாதென்று வீட்டை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் காரல் மீன் வாங்க வந்திருந்தாள். காய்ச்சல்காரன் வாய்க்குக் காரல் குழம்புதான் இறங்கும்.

விடியாத இருட்டில், ஈர மணலில், டேவிட்சனின் ஆட்கள் வீட்டுக்கான மீனைக் கூறு வைத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல டேவிட்சன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான். ஒருவன் ஒரு கூறைத் தொட்டுக் கேட்க, இவன் பார்க்காமலே ஒரு பெயர் சொல்வான். அதுதான் பங்கு. அதில் யாரும் சண்டை போட முடியாது.

"இது யாருக்கு?"

"கிங்ஸ்டனுக்கு."

ஜெயஷீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவிய நேத்து வரலியே அண்ணே."

"காய்ச்சல்ல கெடக்கவனுக்கும் பங்கு உண்டு தங்கச்சி. எடுத்துக்கோ. ஆனா அடுத்த கடலுக்கு எங்ககூட வந்துரணும். அதான் முறை."

அவளுக்குத் தெரியாத முறையா? "வருவாவ அண்ணே," என்று பையை விரித்தாள்.

மீன் போட்ட கை அவள் மணிக்கட்டில் பட்டது. ஐஸின் குளிர்ச்சி இல்லை அது. நிமிர்ந்தாள். ஒருவரும் முகம் காட்டவில்லை. அவர்கள் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. டேவிட்சன் இன்னும் திரும்பவில்லை.

வேகமாக நடந்தாள். ஐஸ் கடை சிவனாண்டி அண்ணாச்சி போனைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"ஏளா, பையில என்ன?"

"பங்கு மீனு அண்ணாச்சி. டேவிட்சன் அண்ணன் வள்ளத்துல."

அவர் முகம் வெளிறியது. "மணப்பாட்டுல இருந்து இப்பந்தான் சொல்லுதாவ... அந்த வள்ளம் ராத்திரியே முங்கிட்டாம்ளா. ஒருத்தன்கூட மிஞ்சல."

திரும்பிப் பார்த்தாள். வள்ளம் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர். கூறு வைத்த மணலில் பூனைகள் மோந்துகொண்டிருந்தன.

வருவாவ. அவள் வாய்தான் சொன்னது.

பையை வீசினாள். ஓடினாள். செருப்பு எங்கோ கழன்றது. "மாதாவே, நான் வாங்கல. நான் வாங்கல." சந்து. அடிபம்பு. வீடு.

பூட்டு அப்படியே தொங்கியது. போன உயிர் வந்தது. சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது.

"இந்தாங்க... முழிச்சிருக்கியளா?"

கதவின் அடியில் ஏதோ கசிந்து அவள் வெறுங்காலை நனைத்தது. உப்பு வாடை.

ஒருவழியாகப் பூட்டு திறந்தது. கதவைத் தள்ளினாள்.

கிங்ஸ்டன் கட்டிலில் கிடந்தான். கண் திறந்திருந்தது. வாயும். வாயிலிருந்து கடல் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கட்டிலைச் சுற்றி, சிமெண்டுத் தரையில், ஈரக் கால்தடங்கள்.

அவன் கையில், அவள் வீசியெறிந்த மீன் பை.