புலன்தொப்பி போட்டவர்கள்

காலை வழிபாடு முடிவதற்குள் ஜெசிந்தா டீச்சர் மூன்று முறை புலன்தொப்பியை மாட்டிக் கழற்றிவிட்டார். ஆறாம் வகுப்பு அமுதினியின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வில்லை, அவள் உடம்பு உணர்வதையெல்லாம் தொப்பி போட்டவருக்கு அப்படியே உணர்த்தும். மின்விசிறிச் சத்தம் அவள் மண்டையைக் குடைவதை டீச்சர் அப்படித்தான் கண்டுபிடித்தார். விசிறி மாறியது. விளக்கு மங்கியது. விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கும் கிடைத்தது.

எல்லாப் பள்ளிகளிலும் இப்போது இதுதான் நடைமுறை. நல்ல நடைமுறைதான். ஆனாலும் அமுதினி ஒரு வாரமாக வகுப்புக்குள் வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இப்படியே போனால் அவளைத் தனிப்பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்.

சத்தமும் தொடுகையும் தாங்காத இத்தகைய பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வழிகாட்டியான ரஹ்மத்துல்லாவை வரவழைத்தார்கள்.

“போட்டுப் பாருங்க சார், இப்ப அவளுக்குள்ள அவ்வளவு அமைதியா இருக்கு,” என்று டீச்சர் தொப்பியை நீட்டினார்.

“வீட்ல நானும் தொப்பி போட்டுக்குவேங்க. அவளுக்குப் பசிச்சா எனக்கே தெரிஞ்சிடும்,” என்றார் அம்மா பரமேஸ்வரி.

“சரிம்மா. என்ன வேணும்னு அவகிட்ட கேட்டீங்களா?”

“எதுக்குக் கேக்கணும்? அதான் தெரியுதே.”

ரஹ்மத்துல்லாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அமுதினிக்குப் பேச்சு வராது, எழுத்துப்பலகையில் தட்டுவாள். அது சார்ஜ் இல்லாமல் அவள் பையின் அடியில் கிடந்தது. சார்ஜ் ஏற்றிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். வெகுநேரம் கழித்து அவள் தட்டினாள்: ‘கபடி.’

டீச்சர் பதறினார். “யாராவது தொட்டாலே அவளுக்கு எரியும் சார். நான் அனுபவிச்சிருக்கேன்.”

“அனுபவிச்சீங்க. முடிவையும் நீங்களே எடுத்துட்டீங்க. இன்னைக்கு அவ எடுக்கட்டும். நான் பொறுப்பு.”

மாலையில் அமுதினி களம் இறங்கினாள். ‘கபடி கபடி’க்குப் பதிலாக அவள் முனகிக்கொண்டே போகலாம் என்று பிள்ளைகளே விதியை மாற்றிக்கொண்டார்கள். எதிரணியில் நான்கு பேர் சேர்ந்து அவளை அமுக்கினார்கள். தொப்பியோடு நின்ற டீச்சர் துடித்துப்போய் விசிலை ஊதினார்.

“நிறுத்துங்க. அவளால தாங்க முடியல.”

ஆட்டம் நின்றது. அமுதினி எழுந்தாள். எரியும் தோளைத் தேய்த்தபடி நேராக டீச்சரிடம் வந்து, அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள். பிறகு கோட்டுக்குத் திரும்பிப் போய் நின்றாள்.

டீச்சருக்கு இப்போது எதுவும் எரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“இனிமே அவளுக்கு வலிக்குதான்னு நான் எப்படி சார் தெரிஞ்சுக்கறது?”

“ஆட்டம் முடியட்டும்,” என்றார் ரஹ்மத்துல்லா. “அவளே வந்து சொல்லுவா. சொல்ல இஷ்டம் இருந்தா.”