ஒரே ஒரு சிவப்புப் புள்ளி

திங்கட்கிழமை, காலை 8.40.

மூன்றாம் வகுப்பின் பூட்டைத் திறந்த காவலாளி இருளாண்டி உள்ளே கால் வைக்காமலே பின்வாங்கினார். சுவரில் தொங்கிய வருகைச் சார்ட்டில், கனிஷ்காவின் பெயருக்கு நேரே, அன்றைய கட்டத்திலும் தங்க நட்சத்திரம். நேரத்துக்கு வந்த பிள்ளைக்கு மட்டும் ஒட்டுவது.

கனிஷ்கா ஊருணியில் மூழ்கி இறந்து பதினெட்டு நாளாகிறது.

செத்த பிள்ளை வகுப்புக்கு வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. முப்பத்தொரு பிள்ளைகளில் அன்று வந்தவர்கள் பதினொரு பேர். தாளாளர் சூசைமரியான் முதுகு வளையாமல் அந்தச் சார்ட்டின் முன் நின்றார். அவருடைய தகப்பனார் கட்டிய பள்ளி. குடும்பப் பெயர் வாசல் கல்லில் வெட்டியிருக்கிறது. ஒரு பேய்க்கதைக்கு அதைப் பறிகொடுக்க அவர் தயாராக இல்லை. இருளாண்டியைத் தாமே விசாரித்தார்.

"சாவி எங்குட்டு இருந்துச்சு?"

"அரணாக்கயித்துலங்கய்யா. குளிக்கயில கூட அவுக்கிறதில்ல."

"இன்னொரு சாவி?"

"டீச்சரம்மாகிட்ட. எனக்கு முன்னாடியே வந்து கேட் பக்கத்துல நிப்பாக. உங்க மகளையா சந்தேகப்படுறீக?"

"எல்லாரையுந்தான்."

"என்னையுமா? பேய்க்கு ஸ்டார் ஒட்ட எனக்கென்ன கிறுக்கா? தபால்தலையே எனக்கு நேரா ஒட்டாதுய்யா!"

சூசைமரியான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கனிஷ்காவின் வரிசையைக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். இறந்த மறுநாளிலிருந்து பள்ளி நடந்த நாளெல்லாம் நட்சத்திரம். ஜூலை 29, 30 மட்டும் காலி. இறந்த நாளான 17-இல் சிறிய சிவப்புப் புள்ளி ஒன்று.

அந்தப் புள்ளியில் அவர் விரலை வைத்தார். அன்று பதிவேட்டைக் காட்டி, பிள்ளை பள்ளிக்கே வரவில்லை என்று போலீசிடம் சொன்னவர் அவர்தான். 'மட்டம் போட்டுட்டு ஊருணிக்குப் போயிருக்கு. பிள்ளை வளர்த்த லட்சணம்!' என்று தகப்பன் செம்மலையைக் கூட்டத்துக்கு நடுவே ஏசியவரும் அவரே.

மாலை 4.30. பிள்ளைகள் போனபின், மூன்றாம் வகுப்பு ஆசிரியையான மகள் யூஜினியாவைக் கூப்பிட்டார்.

"இருபத்தொம்பது, முப்பது எங்க இருந்தே?"

"சிவகங்கையில. டிரெய்னிங்."

"அந்த ரெண்டு நாளும் பேய்க்கும் லீவு."

யூஜினியா தலை குனிந்தாள்.

"எல்லாரும் நட்சத்திரத்தையே பாத்தாக. சிவப்பை யாரும் பாக்கல. பிந்தி வந்தா சிவப்பு. ஆனா ஒன்பது பத்துக்குக் கேட்டைப் பூட்டணும்னு நான் சட்டம் போட்டதுலேர்ந்து, பிந்துன பிள்ளை உள்ளயே வர்றதில்ல. சார்ட்டுல வேற சிவப்பே கிடையாது. அவ அன்னைக்குப் பிந்தி வந்தான்னு கேட் பக்கத்துல நின்னவளுக்குத்தான் தெரியும். நீதான்."

"ஒன்பது பன்னெண்டுப்பா. கம்பியைப் புடிச்சுக்கிட்டு, 'டீச்சர், ஓடியாந்தேன்'னா. நான் திறக்கல."

"மத்த நட்சத்திரமெல்லாம்?"

"அதுக்கப்பறம் அவ பிந்துறதே இல்லப்பா. தினமும் எட்டரைக்கே வந்து நிக்கிறா. ஒட்டாம எப்படி இருப்பேன்?"

கேட் அவருக்குப் பின்பக்கம் இருந்தது. திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

"வெளிய தெரிஞ்சா நம்ம பேரு என்னாகும்ப்பா?"

"அந்தப் பிள்ளை பேரை நாம என்ன பண்ணி வச்சிருக்கோம்? மறைச்சவ நீ. பூட்டச் சொன்னவன் நான். கிளம்பு."

மாலை 6.10. காவல் நிலையத்துக்குப் போகுமுன் இருவரும் செம்மலை வீட்டு வாசலில் நின்றார்கள்.

"உங்க மக மட்டம் போடல, செம்மலை. பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டா. நாங்கதான் உள்ள விடல. உங்களை நாலு பேர் முன்னாடி பேசுனது என் தப்பு."

செம்மலை சண்டைக்கு வரவில்லை. கேட்டது ஒன்றுதான்:

"எத்தனை மணிக்குங்கய்யா வந்தா?"

"ஒன்பது பன்னெண்டு."

"செருப்பு வாரு அந்துபோச்சுன்னு அழுதா. இருடீ, தச்சுத் தாரேன்னு நாந்தான் புடிச்சு நிறுத்துனேன்" என்றார் செம்மலை. "ரெண்டு நிமிச வேலைங்கய்யா அது."